பன்னிரண்டுக்கு ஒன்று

ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போகிறேன்.
டக். டக். டக்.
முன்பக்க வளைவுக்கு வந்ததும்
பொத்.
அந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு இழுக்கிறாள் குல்நார்.
கண்ணுக்குத் தெரிகிற விரிசல் சுண்டுவிரல் நீளம்.
கோட்டுக்குள் விழுந்திருப்பது ஒரு தோசை.

மஜ்காவ் கொட்டகையில் செப்டம்பர்.
நீலத் தார்ப்பாயின் தொப்பையில் நேற்றைய மழை.
இரண்டு நாளாக ஹாலஜன் விளக்குப் போட்டுப்
படகின் ஈரத்தை விரட்டியிருக்கிறோம்.
மஸ்ஜித் பந்தர் ரசாயனக் கடைக்காரன்
தண்ணீர் பாட்டிலில் ரெசினை ஊற்றித் தந்தான்,
நல்லெண்ணெய் மாதிரி.
எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன்.
ரெசினா, நீங்களா என்றான்.

மே மாதக் கடைசி ஞாயிறு
மிதவையில் மோதியபோது சுக்கான் என் கையில்.
இந்த நான்கு மாதத்தில் குல்நார்
ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் ஆறியிருக்கும்.
செலவில் என் பங்கை அறுபது சதவீதமென்று
நானே ஏற்றி எழுதினேன்.
அதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

சின்ன ஓட்டையைப் பெரிதாக்குவதுதான் முதல் வேலை.
நாலு மில்லிமீட்டர் சுவர் என்றால்
நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் சரிவு.
நல்ல இடத்தையும் சேர்த்துத் தேய்த்தால்தான்
புதியது பழையதைப் பிடித்துக்கொள்ளும்.
கிரைண்டர் அலறுகிறது.
வெள்ளைப் பொடி முகமூடியில், இமையில்,
கையுறை முடிந்து சட்டை தொடங்காத
அந்த ஓரங்குலத் தோலில்.

முதலில் வெள்ளை.
அதன் அடியில் பச்சை.
அதற்கும் அடியில் ஒரு சிமென்ட் நிறம்,
இந்தப் படகுக்குச் சொந்தமில்லாதது.
நிறுத்துகிறேன்.
காற்றுக்குமிழும் பஞ்சுமாக
யாரோ அவசரத்தில் பார்த்த பட்டி.
அதில் ஒரு கட்டைவிரல் ரேகை.
ஒரு கொசு, இறக்கை கலையாமல்.

இதன் மேல் காலை ஊன்றிச் சாய்ந்துதான்
இரண்டு சீசன் மாண்ட்வா போய்வந்தேன்.

அரை மணி நேரம் பேசாமல் சுரண்டினோம்.
அசிட்டோனால் துடைத்தோம்.
சிரிஞ்சில் கேட்டலிஸ்ட் அளந்து
ரெசினில் விட்டுக் கலக்கும்போது கேட்டேன்:
பச்சைக்கு மேல் வெள்ளை அடித்தது யார்?
முகமூடியைக் கழற்றாமல் சொன்னாள்: நான்.
எனக்குப் பாதி விற்பதற்கு முன்னாலா, பின்னாலா?
விளக்கையே பார்த்தாள்.
முந்தின வாரம்.

படகின் முதுகில் அவள் கையால் எழுதிய பெயர்: சாலேல்.
மராத்தியில், பரவாயில்லை, ஓடும்.
ஓடியதுதான்.

பதினைந்து நிமிடம் இருக்கிறது.
அதற்குள் குடுவை சூடேறிக் கல்லாகிவிடும்.
கத்துவதற்கு இத்தனை, அழுவதற்கு இத்தனை என்று
பிரிக்க முடியாது.
பாயை நீட்டு என்கிறேன்.

என் மொழியில் கண்ணாடி இழையில் செய்த இதுவும் பாய்,
காற்றைப் பிடிக்கிற அதுவும் பாய்,
படுத்து உறங்குவதும் பாய்.
இதை அவளுக்கு ஒருநாள் சொல்ல நினைத்திருந்தேன்.
இன்று சொல்லப்போவதில்லை.

சின்னத் துண்டு, நடுத்தரம், பெரியது.
பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசினை ஊற்ற
வெள்ளை இழை கரைந்ததுபோல் தெளிகிறது.
அவள் உருளையை ஓட்டுகிறாள்,
ஒரு குமிழியைத் துரத்திக்கொண்டு ஓரம்வரை,
மறுபடியும் நடுவிலிருந்து,
அது போன பிறகும்.

ஹார்பர் லைனில் மான்குர்த் வரை நின்றே வந்தேன்.
முழங்கையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி.
வெந்நீர் பட்டால் உள்ளே இறங்கும் என்பார்கள்.
பச்சைத் தண்ணீரில் கழுவுகிறேன், பயனில்லை.

பதினொன்றரைக்குப் போன் வெளிச்சம்.
உனக்கும் அரிக்கிறதா?

அரிக்கிறது, என்று அடித்தேன்.
கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி:
அந்த அறுபது இனி உன்னுடையது.

தட்டச்சு செய்கிறாள் என்று காட்டுகிறது.
நின்றுவிடுகிறது. மறுபடி காட்டுகிறது.

சாலேல்.

அதைப் படித்தபடியே
கையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன்.